திருப்பிப் போட்ட தவில்காரர்

நான் வேலை செய்த ரிக்கார்டு கவர்களிலேயே அசிங்கமானது எது என்று கேட்டால் யோசிக்க மாட்டேன். ஐயம்பேட்டை தவில் கன்னியப்பனுக்குப் போட்ட கவர்தான். அது இரண்டு தடவை அசிங்கமாக வந்தது. முதல் தடவை என் புத்திசாலித்தனத்தால். இரண்டாம் தடவை தெரிந்தே.

1. பெட்டி லேபிள்

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் தாமோதரன் என்பவருடைய அச்சகத்தில் நான் ஆர்ட்டிஸ்ட். புடவைப் பெட்டிக்கு லேபிள் வரைவேன், கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் வரைவேன், சினிமாக் கொட்டகை நோட்டீசுக்கு எழுத்து எழுதுவேன். படத்தையும் எழுத்தையும் அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் மெட்ராஸில் அதை அச்சுக்கான உலோக பிளாக்காக எடுத்துத் தருவார்கள். அச்சு எங்கள் டிரெடில் மிஷினில், காலால் மிதித்து ஓட்டுவது.

மெட்ராஸில் ஒரு சின்ன ரிக்கார்டு கம்பெனி இருந்தது. அதன் ஏஜெண்ட் வரதன், தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த இடத்தில் எங்கள் லேபிளைப் பார்த்திருக்கிறார். நேராக அச்சகத்துக்கு வந்துவிட்டார். கையில் ஒரு போட்டோ, அதன் நெகட்டிவ்.

"தவில் ரிக்கார்டு பாய். சின்னத் தட்டு. புடவைப் பெட்டி மேல போடறீங்களே, அதே மாதிரி பளபளன்னு இருக்கணும். பின்னால கோபுரம். இந்தாண்ட குத்துவிளக்கு, அந்தாண்ட மயிலு."

"தவில்காரரு எங்க சார் நிப்பாரு?"

"நடுவுல எங்கனா உக்கார வெச்சுக்குங்க."

வரைந்தேன். ராணி கலரில் பின்னணி, கிளிப்பச்சையில் பார்டர், பார்டருக்குள் மாங்காய் வரிசை. கவரைப் பார்த்தால் உள்ளே ஜாக்கெட் துணியும் இருக்கும் என்று தோன்றும். எனக்கு அப்போது அது அசிங்கமாகத் தெரியவில்லை. வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தில் மயிலுக்கு இரண்டு தோகை அதிகமாகவே போட்டேன்.

2. மங்கல் பக்கம்

போட்டோவை வெட்டி ஒட்டப் போகும்போதுதான் கவனித்தேன். தவில்காரர் குச்சியை வலது கையில் பிடித்திருந்தார். விரல்களில் மாட்டி அடிக்கும் கூடு இடது கையில். கோயில் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். சாமி புறப்பாடு எங்கள் தெரு முனை வழியாகத்தான் போகும். தவிலுக்குக் குச்சி இடது கை, கூடு வலது கை என்பது சின்ன வயதிலேயே தெரியும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில் இருந்தது. சந்தேகமே இல்லை, நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

நெகட்டிவை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு ஸ்டுடியோ ராஜுவிடம் போனேன். அவன் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"நெகட்டிவுல மருந்து பூசின மங்கல் பக்கம் பேப்பரைப் பாத்துக்கினு இருக்கணும் பாய். அப்படி வெச்சா இந்த போட்டோ மாதிரிதான் வரும். அவங்க போட்டது சரியாத்தான் இருக்குது."

"சரியா இருந்தா குச்சி எப்படிப்பா இந்தக் கையில வரும்? நீ பிரட்டிப் போடு."

"சொல்றது சொல்லிட்டேன்," என்றான். பிரட்டிப் போட்டுக் கொடுத்தான்.

முதலாளியிடம் காட்டினேன். "பலே கரீமு, நல்ல வேளை பாத்த" என்று முதுகில் தட்டினார். கன்னியப்பன் இருந்தது ஐயம்பேட்டையில். சைக்கிளில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போய்க் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, எங்கள் ஊர்க் கோயில் எதிலும் அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. ஏன் பார்த்ததில்லை என்றும் நான் யோசிக்கவில்லை.

3. "இந்தக் கை யாருது?"

ஐந்நூறு கவர் அச்சடித்து அடுக்கிவிட்டோம். வெளியீட்டுக்கு ஆறு நாள் இருந்தது. ஒரு காலை, நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்து, "கன்னியப்பன். நம்ம அட்டை வந்துட்டுதுன்னாங்க, பாக்கலாமா?" என்று கேட்டார். அதுவரை அவருக்கு ஒரு ரிக்கார்டும் வந்ததில்லை. இதுதான் முதல்.

நான் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாய், இந்தக் கை யாருது?"

நான் பெருமையாகச் சொன்னேன். "போட்டோ இடம் வலமா திரும்பி வந்திருந்துச்சுண்ணே. நான்தான் பாத்து சரி பண்ணேன்."

அவர் இடது கையை என் முன்னால் நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே உள்பக்கம் ஒரு பழைய சூட்டுத் தழும்பு.

"நான் நொட்டாங்கைக்காரன். நொட்டாங்கையில கூடு மாட்னா கோயிலுக்கு ஆகாதுன்னு எங்கப்பா போட்ட சூடு இது. அவரே தவில்காரரு. அதுக்கும் நான் மாறல. அதனாலதான் இந்த ஊர்ல ஒருத்தனும் என்னைக் கூப்பிடறதில்ல. ஆந்திரா பக்கம் போயி வாசிச்சேன். சூடு போட்டும் அவரால திருப்ப முடியாத கைய நீ திருப்பிட்டியேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாளி பயந்துபோய் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். அரை மணி கழித்து வரதன் கிடைத்தார். கேட்டுவிட்டு முதலாளி போனை வைத்தார்.

"இதுவே இருக்கட்டும்றாரு. இதான் மங்களகரமா இருக்குதாம், கல்யாண வூட்டுக்காரங்க வாங்குவாங்களாம். ரிக்கார்டுல கையா கேக்கப் போவுதுன்றாரு."

கன்னியப்பன் சொன்னார்: "கேக்காது. அதனாலதான் அட்டையிலயாவது தெரியட்டும்னு பாத்தேன்."

கவரை அடுக்கின் மேல் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார்.

4. மைதா பசை

அன்று மதியமே முதலாளியிடம் போய் நின்றேன்.

"பிசகு என்னுது. ராஜு சொன்னான், நான்தான் கேக்கல. முதல்ல வந்த போட்டோவ வெச்சே கறுப்புல மட்டும் ஒரு பிளாக் எடுத்துக்கினு வரேன். தனியா அடிச்சு மேல ஒட்டிடலாம்."

"ஒட்டினா கோபுரம் மயிலு எல்லாம் மறைஞ்சுடுமேடா."

"மறையட்டும் முதலாளி."

"ஏஜெண்ட் கேட்டா நீயே பதில் சொல்லு. நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனேன். பிளாக் கடையில் ஒரு நாள் கெஞ்சி உட்கார்ந்து வாங்கி வந்தேன். வெள்ளைத் தாளில் போட்டோவும் பெயரும் மட்டும் அடித்தோம். ஐயம்பேட்டைக்குச் சொல்லி அனுப்பினேன். கன்னியப்பனே வந்துவிட்டார். யாரும் சொல்லாமலேயே சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து மைதா பசை தடவ ஆரம்பித்தார்.

இரண்டு பகல் ஒட்டினோம். பசை ஈரத்தில் ராணி கலர் ஊறி வெள்ளைத் தாளின் ஓரமெல்லாம் கசிந்தது. காய்ந்ததும் தாள் சுருங்கியது. மேலே கோபுரத்தின் கலசம் மட்டும் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் மயிலின் கால் மட்டும் நின்றது.

"கால மட்டும் ஏம்பா வுட்டு வெச்ச?" என்றார் கன்னியப்பன். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

வரதன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்குதுய்யா! யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?"

"நான்தான் சார்," என்றேன். வெளியீட்டுக்கு ஒரு நாள்தான் இருந்தது. திட்டிக்கொண்டே எடுத்துப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி எங்களுக்கு ஒரு கவர்கூடத் தரவில்லை. முதலாளி அதை வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டினார்.

5. ஐயம்பேட்டை

வெளியீட்டுக்கு மறுவாரம் கன்னியப்பன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். போன பிறகுதான் ஏன் கூப்பிட்டார் என்று புரிந்தது. அவருடைய அப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். பேச்சு குறைந்துவிட்ட வயது. மகனுக்கு அந்தக் கவரைத் தனியாக அவரிடம் காட்டத் தைரியமில்லை.

"நீ குடு பாய்."

கொடுத்தேன். பெரியவர் எழுந்து உட்கார்ந்து, கவரை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். சுருங்கிய தாளைக் கட்டைவிரலால் நீவினார். கூடு மாட்டிய அந்த இடது கைமேல் விரல் நின்றது.

"ஆமா," என்றார் பெரியவர். "இவன்தான்."

கன்னியப்பன் சட்டென்று எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். கலர் பிசகினால் அடுத்த வேலையில் சரி செய்துகொள்ளலாம். மயிலை அதிகமாக வரைந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போகும். ஒரு மனிதருடைய படத்தில் ஏதோ தப்பு இருக்கிறது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தோன்றினால், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவரையே போய்க் கேளுங்கள்.