இருமல் மரத்துத் தழை

என் வீட்டுக்காரருக்குக் கரண்ட் ஆபீசில் வேலை. கம்பியைத் தொடுகிற வேலை இல்லை, கம்பியைத் தொட வரும் மரங்களை வெட்டுகிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'அணில்' என்பார்கள். மரம் ஏறும்போது மட்டும்தான் அணில். பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள், உடனே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கம்பிக்குக் கீழே எதை வெட்டினாலும் அந்த வெற்று இடத்தில் முதல் ஆளாக முளைப்பது இருமல் மரம்தான். யாரும் நட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் போதும், இவர்கள் திரும்பி வருவதற்குள் கம்பியை எட்டிப் பார்க்கும். அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் இருமல் அடங்கும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. வெட்டுகிற அன்றைக்கு இவர் ஒரு கட்டு கொண்டுவந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். யாராவது "நல்லா இருய்யா" என்று சொல்லிவிட்டால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

இவருடைய அண்ணன் செத்துப்போனபிறகு அண்ணி ஆடு வளர்த்து, பால் விற்றுத்தான் மகளை ஆளாக்கினார். அந்தப் பெண்ணுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. வந்து சேர ஒரு கடைசி நாளும் சொல்லியிருந்தார்கள். என்றைக்கு என்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணி தன் தங்கையின் பிரசவத்துக்குப் போனார். ஆடுகள் மகள் பொறுப்பு. பிடித்த மழை விடவில்லை, மேய்ச்சலுக்கு ஓட்ட வழியில்லை. கொட்டகையில் கட்டிக் கிடந்த ஆடுகள் பசியில் கத்தின. வேலை முடிந்து அந்த வழியாக லாரியில் வந்த இவர் அதைக் கேட்டுவிட்டு, வண்டியில் கிடந்த இருமல் மரத்துத் தழை அத்தனையையும் இழுத்து உள்ளே போட்டார். மேய்கிற ஆடு அந்த மரத்தில் ஒரு வாய் கடித்துவிட்டு நகர்வதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை. பசித்துக் கட்டிக் கிடக்கிற ஆடு எங்கே நகரும்? குச்சிதான் மிச்சம். அதையும் அந்தப் பெண் கூட்டி அடுப்பில் போட்டுவிட்டாள்.

ஆடுகள் தள்ளாடின, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றன, ஒவ்வொன்றாக விழுந்தன. அண்ணி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாங்கள் எல்லோரும் கொட்டகையில் நிற்க, மாட்டு டாக்டர் ஓர் ஆட்டை அறுத்துப் பார்த்தார்.

"ஈரல் கெட்டுப்போச்சும்மா. இருமல் மரத்துத் தழைய வயிறு முட்டத் தின்னிருக்கு. பக்கத்துல அந்த மரம் இருக்கா?"

"வேலிக்குப் பின்னாடி நிக்குதே டாக்டர்!" என்றார் அண்ணி. அவ்வளவுதான், மகள் பக்கம் திரும்பினார். "கயித்த அவுத்து வுட்டுட்டு செல்போன நோண்டிக்கிட்டு இருந்தியாடி? ஆட்டப் பாக்கத் துப்பில்லாதவ நோயாளியப் பாக்கப் போறாளாம்! நீ ஒரு படிப்பும் படிக்க வேணாம். வீட்டுலயே கெட!"

அந்தப் பெண் தன் சித்தப்பாவை ஒரு தரம் பார்த்தாள். சிபாரிசுக்கு வரச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவரோ மழைத்தண்ணீர் சொட்டுகிற கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் இருமலுக்கு இலை கேட்டபோது, "அந்த எழவெடுத்த மரத்தப் பத்தி எங்கிட்ட பேசாத!" என்று கத்தினார். என்ன பேய் பிடித்தது என்று விடாமல் குடைந்தேன். கடைசியில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உடைந்து அழுதார்.

"நான்தான்டி போட்டேன். பாவம், வாயில்லா ஜீவன்னு போட்டேன். டாக்டர் சொன்னப்பவே வாயத் தொறந்திருக்கணும். அண்ணி மொகத்தப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! "அடப்பாவி மனுஷா! தெரியாமப் போட்டது தப்பில்ல. அந்தப் புள்ள தலையில பழி விழுறப்ப கல்லு மாதிரி நின்னீங்களே, அது தப்பு. எந்திரிங்க!" கை கழுவக்கூட விடவில்லை. இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் தையல் மிஷினில் இருந்தாள். இவர் உட்காரவே இல்லை, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அண்ணி மடித்த துணியை மறுபடி உதறினார், மறுபடி மடித்தார். பிறகு முகத்தில் அறைந்துகொண்டார்.

"ஆடு போனா போவட்டும் தம்பி. எம்புள்ளைய என்ன பேச்சுப் பேசினேன்!" மகளிடம் ஓடினார். "ஏன்டி, நீ பாத்தேல்ல? ஒரு வார்த்த சொன்னியா?"

"அவரு பாவம்னுதாம்மா போட்டாரு. நான் எப்படி அவரக் காட்டிக் குடுப்பேன்? அவரே சொல்லுவாருன்னு இருந்தேன்."

"சரி, போனது போவட்டும். காலைல மொத பஸ்ஸப் புடி. போய்ச் சேந்துக்க. நானே வந்து வுட்டுட்டு வர்றேன்."

அவள் மிஷினை நிறுத்தினாள். அம்மாவைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"கடைசி நாள் நேத்து, சித்தப்பா. நீங்க வருவீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் பையோட வாசல்லயே உக்காந்திருந்தேன்."