தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த மூன்றாம் நாள் போனது. இன்னொன்று வயிற்றிலேயே. மூன்றாவது முறை ஐந்து மாதம் தாண்டியதும் தம்பி பெயர்ப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினான். எல்லாம் இணையத்தில் எடுத்தவை. பக்கத்திலேயே பொருளும் போட்டிருந்தான். நான் புதுக்கோட்டையில் பத்திரிகை வேலையில் இருப்பவள் என்பதால் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு பெயருக்கு ஒரு தளம் ‘விடியலின் முதல் ஒளி’ என்றது. இன்னொன்று ‘வெற்றி பெற்றவள்’ என்றது. மூன்றாவது ‘அறிவுக் கடல்’ என்றது. அது எந்த மொழிச் சொல் என்று மூன்றுமே சொல்லவில்லை. தம்பியிடம் இதைச் சொன்னேன்.

“மூணுமே நல்லாத்தானக்கா இருக்கு,” என்றான்.

பெண் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டியில் ஒட்டிய சீட்டில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டுத் தாயின் பெயரை எழுதியிருந்தார்கள்.

நான்காம் நாள் தம்பி மனைவி என்னிடம், “அண்ணி, அந்த லிஸ்ட்டத் தூக்கிப் போடச் சொல்லுங்க. குப்பம்மான்னு வைப்போம்,” என்றாள். அவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள்.

எங்கள் பக்கத்து வாக்காளர் பட்டியலில் குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி, தவிடன் என்ற பெயர்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீடுகளில் பிறந்தவர்கள். அருமையான பிள்ளை என்று தெரிந்தால் எமன் எடுத்துக்கொள்வான், எடுக்கத் தோன்றாத பெயராக இருந்தால் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. அதுவும் போதாது என்று பட்டால், பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு வேறொருத்திக்கு விற்றுவிடுவார்கள். அதன்பின் அது அவள் பிள்ளை. பெற்றவள் வளர்த்துத் தருகிறவள். எமன் பழைய முகவரியில் விசாரித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அதையும் செய்துவிட வேண்டும் என்றாள் தம்பி மனைவி.

வாங்க ஆள் கிடைத்தார். மகளின் பிரசவத்துக்காக அதே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த, நார்த்தாமலைப் பக்கத்து அம்மா. ஐந்து பெற்று ஐந்தும் நன்றாக இருப்பது அவருடைய தகுதி.

“வாங்கிக்கிறேன் தாயி. ஆஸ்பத்திரியில தவிட்டுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?”

தம்பி மாட்டுத் தீவனக் கடைக்குப் போனான். எத்தனை மாடு என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். ஒரு கிலோ போதும் என்றதும், “கோழிக்கா?” என்றாராம். பிள்ளையை விற்பவர்களே தவிட்டையும் வாங்கிக் கொடுப்பது முறைதானா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நர்ஸ் தவிட்டை உள்ளே விடவில்லை. பிள்ளையை வெளியே எடுக்கவும் முடியாது. ஆகவே விற்பனை வராந்தாவில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நடந்தது. அந்த அம்மா பிளாஸ்டிக் முறத்தை நீட்ட, தம்பி மனைவி நைட்டிமேல் போட்டிருந்த துண்டில் தவிட்டை ஏந்திக்கொண்டாள்.

அவர் கதவு வழியே எட்டிப் பார்த்தார். “எது எம்பிள்ள?”

“அந்தக் கடைசிப் பெட்டிங்க,” என்றான் தம்பி.

“இந்தக் குப்பையவா எந்தலையில கட்டுறீங்க? சரி, கெடந்துட்டுப் போகுது. வளத்து வைங்க, வந்து வாங்கிக்கிறேன்.”

அதுவரை அழாமல் இருந்த தம்பி மனைவி அப்போது அழுதாள்.

அடுத்த வாரம் எடை நாற்பது கிராம் குறைந்தது. அதற்கடுத்த வாரம் கூடியது. தாய்ப்பால்தான் காரணம் என்றார் மருத்துவர். தவிட்டைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பிறப்புச் சான்றிதழுக்கு மூவரும் போனோம். தம்பி செல்பேசியில் பட்டியலைத் திறந்தே வைத்திருந்தான். அவன் மனைவி முந்திக்கொண்டு, “பேரு குப்பம்மா,” என்றாள்.

எழுத்தராக இருந்த பெண் நிமிர்ந்தார். “வீட்டுல கூப்பிடுற பேரு வேணாங்க. சர்டிபிகேட்டுக்குச் சொல்லுங்க.”

“அதுதாங்க பேரு.”

“இப்பப் பேரு இல்லாமக்கூடப் பதியலாம். பின்னாடி சேத்துக்கலாங்க.”

தம்பி என்னைப் பார்த்தான். அவர் சொல்வது சரிதான் என்றேன். தம்பி மனைவி குப்பம்மா என்றே எழுதச் சொன்னாள்.

“நாளைக்கு ஸ்கூல்ல பிள்ளைகள்லாம் கேலி பண்ணுமேம்மா,” என்றார் எழுத்தர்.

“பண்ணட்டுங்க. கேலி பண்ற வயசுக்கு இவ வந்தாப் போதும்.”

தம்பி செல்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். எழுத்தர் தட்டச்சு செய்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். தம்பி மனைவி குனிந்து ஒருமுறை வாசித்துவிட்டு, சரி என்றாள்.