தீர்ந்துபோன சொட்டு மருந்து

கண் டாக்டர் முன்னால் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அம்மா அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் உள்ள எங்கள் கடையில், பௌர்ணமி வியாபாரத்தில் இருந்தார்.

அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் மருந்துச் சீட்டை நான்தான் படித்தேன். சொட்டு மருந்து ‘ஒரு பாட்டில்’ என்றிருந்தது. அது தீர்ந்ததும் போதும் என்றேன். எட்டு மாதத்தில், கடையில் இடப்பக்கம் நிற்பவர்கள் அப்பா கண்ணில் படாமல் போனார்கள்.

“மருந்த யாரு நிறுத்தச் சொன்னது?” என்றார் டாக்டர்.

“நானேதான் சார். புள்ள தினமும் மருந்த ஊத்தச் சொல்லிச்சு, நான்தான் கேக்கல,” என்றார் அப்பா.

“இல்ல சார், நான்தான் நிறுத்தச் சொன்னேன்.”

“போன பார்வை திரும்பாதுப்பா. இருக்கிறது நிக்கணும்னா தினமும் விடணும், ஆயுசுக்கும்.”

இப்போது எந்தச் சீட்டு வாங்கினாலும், எத்தனை நாளைக்கு என்று கேட்டுவிட்டுத்தான் எழுகிறேன். அந்த எட்டு மாதத்தில் எங்களுக்கு மிச்சமான மருந்துச் செலவு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.