நடுக்கண்ணியில் ஒரு தப்பு

முப்பத்தொரு கண்ணியும் பின்னல் ஊசியில் ஏறிய பிறகுதான் எங்கள் பஸ் கிளம்பும். கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிட இடைவேளை. மற்ற டிரைவர்கள் டீக்கடைக்குப் போவார்கள். எங்கள் ஆள் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கம்பளி நூலோடு மல்லுக்கட்டுவார். கண்டக்டர் விசில் கொடுத்தால், "இருய்யா, இருபத்தெட்டு, இருபத்தொன்பது..." என்று பதில் வரும். யாரும் வாய் திறப்பதில்லை. இவ்வளவு பூப்போல பிரேக் போடுகிறவரிடம் யார் சண்டைக்குப் போவது?

ஆறடி ஆள். கிடா மீசை. கியர் போட்டுப் போட்டுக் காய்த்துப்போன கை. அந்தக் கையில் இரண்டு மெல்லிய ஊசிகளைப் பார்த்தால் முதல் நாள் எவருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

பின்னுவது ஒரு தோள்பை. கட்டம் கட்டமாக வளரும் பை. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, நடுவில் மூன்று கண்ணியை ஒன்றாக்கிக்கொண்டே போனால் பின்னல் தானாக மடங்கிச் சதுரமாகும். அடுத்த கட்டத்தைத் தனியாகத் தைத்து ஒட்டுவதில்லை; முடிந்த கட்டத்தின் ஓரத்திலிருந்தே கண்ணி எடுத்துத் தொடங்க வேண்டும். மஞ்சள், கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை என்று எல்லாம் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்த நூல். பதின்மூன்று கட்டம் சேர்ந்தால் பை. ஒன்றில் தப்பு நேர்ந்தால் அதன்மேல் எழும்புவது அத்தனையும் கோணல்.

தொடங்கியவர் அவர் மனைவி, எங்கள் மாடிவீட்டு அக்கா. நான்காவது கட்டத்தில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. "விரலுக்கு வேலை கொடுத்தா திரும்பிடும். விட்டா இப்படியே நின்னுடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவோ பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை மூலையில் வீசிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது.

அப்போதுதான் டிரைவர் ஊசியை எடுத்தார். பாதிக் கட்டத்தை அந்தரத்தில் விட மனசில்லை, அவ்வளவுதான். நாலாம் வரிசையிலேயே நடுக்கண்ணியைக் கோட்டைவிட்டார். படுத்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ, நடுவுல விட்டுட்டீங்களே! கொடுங்க இப்படி!" இடது கை பிடுங்கியது. நூலைப் பிடிக்க வலது கை தன்னையறியாமல் கூடவே வந்தது. அதை அக்கா கவனிக்கவில்லை. டிரைவர் கவனித்தார்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் நான் பார்க்கும் கட்டம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதுவே சாயங்காலம் வீட்டில் நடுவே பல்லிளிக்கும். "அங்க ஒழுங்கா வருது, வீட்டுல மட்டும் ஏன்ணே சொதப்புறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மெதுவாப் பேசுங்க. தப்பைப் பார்த்தா அவளுக்குக் கை சும்மா இருக்காது."

அடப்பாவி மனுஷா! ஒவ்வொரு கட்டத்தையும் திருத்தித் திருத்தி, அக்காவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் வளையத் தொடங்கின. திட்டும் வளர்ந்தது. "பஸ்ஸை எப்படித்தான் ஓட்டுறீங்களோ!" என்று அவர் பொரிந்து தள்ள, இவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். மீசைக்குள் சிரிப்பு ஓடும்.

பன்னிரண்டு கட்டம் முடிந்து ஒன்றே பாக்கி என்றானதும் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னொரு பை ஆரம்பிச்சா போச்சு" என்றேன். "அதுக்கில்லைங்க. என் தப்புக்குத்தான் கை நீட்டுறா. தானா ஊசியைத் தொடமாட்டேங்கறா. எத்தனை பைக்கு இப்படி ஏமாத்துறது?"

பதின்மூன்றாம் கட்டத்தன்று பஸ் டயர் பஞ்சர். மாற்று டயர் வர ஒன்றரை மணி நேரம். கை பாட்டுக்குப் பின்னிக்கொண்டே போய்விட்டது. வீட்டுப் படியேறும்போதுதான் எடுத்துப் பார்த்தார். "போச்சு, முடிச்சிட்டேன்" என்றார். முகம் செத்துவிட்டது.

அக்கா பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"தப்பே இல்லை."

டிரைவர் காலண்டரைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"இவ்வளவு நல்லாப் போடத் தெரிஞ்சவரு, இத்தனை நாளா எனக்கு வேலை வச்சீங்களாக்கும்?"

அக்கா கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தார். அந்த அழகான கட்டம் சரசரவென்று பிரிந்து மடியில் குவிந்தது.

"இதை நான் போடுறேன்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் வாயை மூடிட்டு உட்காருங்க."

ஓரத்திலிருந்து முதல் கண்ணி வர வெகுநேரம் ஆனது. இரண்டாவதில் விரல் வழுக்கி ஊசி தரையில் விழுந்து உருண்டது. டிரைவர் பாதி எழுந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.