எந்த நாட்டுக்காரன்?

உலகத்து நாடுகள் எல்லாவற்றையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற என் ஆசை, இந்தப் பகுதியை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, பாஸ்போட் கேட்டு நுவரெலியா அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன்.

"எங்க பொறந்தீங்க, மாஸ்டர்?" என்றார் கிளாக்கர்.

"உடப்புசல்லாவைங்க. எங்கப்பாவும் அங்க தேயிலைத் தோட்டத்து லயத்துலதாங்க பொறந்தாரு."

"அப்பாவோட பிறப்புப் பத்திரம்?"

"இல்லைங்க."

"அப்பா இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி இல்லாட்டி, புதுச் சட்டப்படி நீங்க இலங்கைப் பிரஜை இல்ல. பாஸ்போட் குடுக்க ஏலாது."

"எங்க தாத்தா விட்டுட்டு வந்த இந்தியாவ நான் பாத்ததே இல்லைங்களே. அப்ப நான் எந்த நாடுங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா, "வீட்டுல யாரும் தவறிட்டாங்களா, தம்பி?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.