பிரெஸ்பா ஏரியில் துடுப்பு வலித்தவள்

டொலறசை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பது 2009 ஒக்டோபர் வரைக்கும் லண்டனில் ஒருவருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான குருநகரில் பிறந்தவள். தெற்கு லண்டன் கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்து, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். கணவன் யேசுரட்ணம், இராசரத்தினத்தாரின் மொத்த வியாபாரக் கடைக்கு வான் ஓட்டினான். இந்த இராசரத்தினத்தாரைத் தெரியாத தமிழர் தெற்கு லண்டனில் கிடையாது. கோயில் தேரோ, பரிசளிப்போ, செத்தவீடோ, முன்வரிசையில் முதலில் தெரிவது அவருடைய வயிறுதான். கடை போடுவதற்கு முன் அவர் ஏஜென்சிக்காரர். காசை வாங்கிக்கொண்டு ஆட்களை எல்லை கடத்தி ஐரோப்பாவுக்குள் விடுகிற தொழில். இப்போது அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அகதிகள் சேவை. பெயர் வைக்க என்ன செலவா?

ஒருநாள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் வத்சலா போன் எடுத்தாள்.

"அக்கா, சண்டை முடிஞ்சு ஊரிலை முகாமிலை இருக்கிற சனத்துக்குக் காசு சேர்க்க விம்பிள்டனிலை ஒரு விருந்து வைக்கிறம். அண்டைக்கு இராசரத்தினம் ஐயாவுக்குப் பொன்னாடை போத்துறம். அவர் ஏரி கடத்திக் கொண்டுவந்த ஆள்தானே நீங்கள். உங்கடை கையாலை போத்தினால் வடிவாயிருக்கும். அவரே உங்கடை பேரைச் சொன்னவர்."

தன் வான்காரனின் மனைவி வாய் திறக்க மாட்டாள் என்பதில் அந்த மனிதனுக்கு எவ்வளவு நம்பிக்கை! "ஓம், வாறன்" என்று டொலறஸ் போனை வைத்தாள்.

"இஞ்சரப்பா, போத்திப்போட்டுப் பேசாமல் இறங்கி வா" என்றான் யேசுரட்ணம். "சனம் இருக்கிற நிலைமையிலை இப்ப ஒற்றுமை வேணும். எனக்கு வேலையும் வேணும்."

"அங்கை செத்த என்ரை தம்பியின்ரை பேரை அந்த மேடையிலை அவர் சொன்னால் போத்துறன். சொல்லாட்டி ஏலாது."

யேசுரட்ணமும் அந்த ஏரியைப் படகில் கடந்து வந்தவன்தான்.

பிரெஸ்பா, பால்கன் மலைகளின் மேலே கிடக்கிற ஏரி. மாசிடோனியா, அல்பேனியா, கிரேக்கம் மூன்றும் அந்தத் தண்ணீருக்குள்தான் சந்திக்கின்றன. அந்தப் பக்கம் முற்காலத்தில் ஏரிகள் ஒரு குடும்பமாக இருந்தனவாம் என்று பின்னாளில் டொலறசின் மகள் கணினியில் தேடிப் பார்த்துச் சொன்னாள். சில காலப்போக்கில் இல்லாமல் போயின. ஒன்றை வயல் வேண்டுமென்று மனிதரே வடித்துவிட்டார்கள். தப்பிக் கிடப்பவற்றில் பிரெஸ்பாவும் ஒன்று. "அப்ப அதுவும் என்னைப்போலை கூடப்பிறந்ததைப் பறிகுடுத்திட்டுத்தான் கிடக்குது" என்று டொலறஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

1996 கார்த்திகையில் இராசரத்தினம், டொலறசையும் தம்பியையும் குழந்தைகளோடு வந்த வேறு சிலரையும் மாசிடோனியாக் கரையில் ஒரு மீன்பிடிக் குடிசைக்குள் விட்டார். "படகுக்காரனைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று போனவர் போனவர்தான். குழந்தைகள் குளிரில் விறைக்கத் தொடங்கின. விடிந்தபோது ஏரி முழுக்கப் பனிமூட்டம். கரையில் தட்டையான மரப்படகு ஒன்று கட்டிக் கிடந்தது. துடுப்பு வலிக்கத் தெரியாத மற்றவர்கள் அதைப் பார்த்து அழுதார்கள். டொலறஸ் கயிற்றை அவிழ்த்தாள். மூத்த ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், ஊர் சிரிக்கச் சிரிக்க, தகப்பனோடு ஆழமில்லாத களக்கடலில் மீன்பிடித் தொழில் பழகியவள் அவள். ஒரு துடுப்பை அவள் எடுக்க, மற்றதைத் தம்பி அருட்பிரகாசம் எடுத்தான். கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் அறியாத இளவாலைக்காரன் யேசுரட்ணம், அன்று அவளுக்கு யாரோ ஒருவன், படகின் நடுவில் கண்ணை மூடிச் செபமாலை சொன்னான்.

கிரேக்கக் கரையின் நாணலுக்குள்ளிருந்து கூழைக்கடாப் பறவைகள் எழும்பின. "அக்கா, மண்டைதீவுப் பக்கம் வந்திட்டம்" என்று, குருநகருக்கு எதிரே கிடக்கும் தீவை நினைத்து, அருட்பிரகாசம் பகிடி விட்டான். அங்கேதான் படகு நாணலில் இறுகியது. அவன் இறங்கினான். நெஞ்சளவு விறைக்கிற தண்ணீரில் நின்று, படகு கரையில் முட்டும்வரை தள்ளினான். அந்தக் கிழமையே சளிக்காய்ச்சலில் செத்தான். ஏரி தெரிகிற ஒரு சரிவில் அவனை அடக்கம் செய்துவிட்டு டொலறஸ் இத்தாலிக்குப் போனாள், பிறகு லண்டனுக்கு வந்தாள்.

விருந்து நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. இராசரத்தினத்தார் மைக்கைப் பிடித்தார்.

"அந்த ஏரிக்கரையிலை சனம் பயந்து நடுங்குது. நான் துடுப்பை எடுத்தன். கை இரண்டும் கொப்பளிச்சுப் போச்சு. ஒரு பெடியன் மட்டும் சொல்வழி கேளாமல் தண்ணிக்குள்ளை குதிச்சு வருத்தத்தைத் தேடிக்கொண்டான். என்ன செய்யிறது, அவன்ரை விதி."

ஒரு பெடியன்! பெயர்கூட இல்லை.

வத்சலா பொன்னாடையை நீட்டினாள். இராசரத்தினத்தார் வாகாகத் தோளைக் குனித்துக் கொடுத்தார். டொலறஸ் அதை வாங்கி, உதறி விரித்து, நிதானமாகத் தன் தோளில் போர்த்திக்கொண்டாள். முன்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டு நிறுத்தினார்கள்.

"படகு வலிச்சது நானும் என்ரை தம்பியும்" என்றாள் மைக்கில். "உவர் எங்களைக் கரையிலை விட்டிட்டு ஓடினவர். தம்பியின்ரை பேர்…"

வத்சலா பதறிப்போய் மைக்கை நிறுத்திவிட்டாள். ஒரு படகிலிருந்து மறு படகைக் கூப்பிட்டு வளர்ந்த குரலுக்கு மைக் எதற்கு? "அருட்பிரகாசம்!" என்று அவள் கூப்பிட்டது சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

இராசரத்தினத்தார் சிரித்துச் சமாளித்தார். "பாவம், தம்பி செத்த கவலை, மண்டை குழம்பிப்போச்சு. யேசு, மனிசியைக் கூட்டிக்கொண்டு போ."

கடைசி வரிசையிலிருந்து யேசுரட்ணம் எழும்பி வந்தான். டொலறஸ் அவனைப் பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டு போக வருகிறான் என்றே நினைத்தாள். அவன் வான் சாவியைப் பொக்கற்றிலிருந்து எடுத்து முதலாளியின் கையில் வைத்தான்.

"நானும் அந்தப் படகிலை இருந்தனான், ஐயா. எனக்கு நீந்தத் தெரியாது. என்னைக் கரை சேர்த்தவன்ரை பேர் அருட்பிரகாசம். இவ்வளவு காலமும் உங்களுக்குப் பயந்து அதைச் சொல்லாமல் இருந்திட்டன். அந்தப் படகிலை நீங்கள் இருக்கேல்லை."