காஜா பேராங்கில் லாரி போன திசை

தம்பின் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது கடிகாரம் ஒன்பது காட்டியது. அது டோக்கியோ நேரம். சூரியனுக்கு இன்னும் ஏழரைதான். மலாக்கா ரயில் எப்போது என்று கேட்டேன். போர்ட்டர் சிரித்தான். ரயில் மட்டுமா இல்லை, தண்டவாளமே இல்லை! சயாமில் பாதை போடுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களாம். இருக்கிற பாதையைப் பிடுங்கிக் காட்டுக்குள் பாதை போடுகிற புத்திசாலிகளை வேறெங்கே பார்ப்பது?

மலாக்காவுக்கு இருபத்து நாலு மைல்; மரவள்ளி ஏற்றிய லாரியில் மூன்று வெள்ளி கொடுத்தேன், ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில். கரிப்புகையில் ஓடுகிற லாரி. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ஓட்டுநர் காதர் பாய், மலாக்காவில் தெங்கேராக்காரர்.

“என்னா வேலையாப் போறீங்க தம்பி?”

“சினிமாப் படம் பிடிக்கக் கத்துக்கிறேன் பாய். ஜப்பான் பிரச்சாரப் பிரிவுல.”

“அடப் போங்க! சோத்துக்கே வழியக் காணோம், இதுல படம் வேறயா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? செரம்பானில் நான் நிழற்படக் கடை வைத்திருந்தவன். என் படப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனவர்களிடமே போய் வேலை கேட்டேன். அசைகிற படம் எடுக்கும் கருவியைத் தொட வேறு வழி இல்லை. அந்த ஆசை என்னை விடவில்லை.

நண்பகலில் மலாக்காவின் காஜா பேராங் தெரு. என் ஜப்பானிய அதிகாரி முன்னதாகவே வந்திருந்தார். காதர் பாயின் மரவள்ளியை ரோட்டோரம் கொட்டச் சொல்லி லாரியைப் பிடுங்கிக்கொண்டார்; ஓட்ட அவரையே உட்காரவைத்தார். அதில் பத்துப் பதினைந்து தோட்டத்து ஆட்களை ஏற்றினார்கள். சந்தையில் வளைத்துப் பிடித்தவர்கள். சயாம் ரயில் பாதைக்கு. ஒருவன் கையில் வாங்கின கீரைக்கட்டு அப்படியே இருந்தது.

எடுக்கவேண்டிய படம் இது: இந்தியக் குடும்பம் ஒன்று தன் மகனை மகிழ்ச்சியோடு சயாமுக்கு வழியனுப்புகிறது. அந்தத் தெருவில் கோயிலைப் பார்த்ததும் அதிகாரி மலாக்காச் செட்டிகளின் வீட்டு வாசலில் கருவியை நிறுத்திவிட்டார். அவர்கள் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. நாராயணன் என்ற இளைஞனும் மனைவி மீனாட்சியும் வெளியே வந்தார்கள். அவள் மலாய்ப் பெண்கள்போல் சாரோங் கெபாயா உடுத்தியிருந்தாள்.

“இது இந்தியப் பெண்ணா?” என்று அதிகாரி கத்தினார்.

இரவல் புடவை ஒன்று வந்தது. கட்டத் தெரியாமல் அவள் அதை இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கட்டத் துணியில்லாத காலத்தில், படத்துக்காக ஒருத்திக்கு வேஷம்!

நாராயணன் லாரியில் ஏறி முச்சந்திவரை போனால் போதும், அங்கே இறக்கிவிடுவோம் என்றார் அதிகாரி. நான் மலாயில் எடுத்துச் சொன்னேன். மீனாட்சி என்னையே பார்த்து, “பாலேக்?” என்றாள். திரும்பி வருவாரா?

“வருவார்” என்றேன்.

அவள் அவனுக்குத் திருநீறு பூசினாள். அவன் படியிறங்கி, கருவிக்கு வலப்பக்கமாக நடந்து லாரியில் ஏறினான். வெயில் மாறியதால் அதிகாரி கருவியோடு எதிர்ச்சாரிக்குப் போய் லாரி கிளம்புவதை எடுத்தார். லாரி முச்சந்திக்குப் போனது. நிற்கவில்லை.

“நிறுத்தவில்லையே!” என்றேன்.

“ஆள் குறைகிறது” என்றார், தீப்பெட்டி தீர்ந்ததைச் சொல்வதுபோல.

எனக்கு எங்கிருந்து அந்த ஆவேசம் வந்ததோ! அவர் முதல் நாள் கற்பித்த பாடத்தையே எடுத்து வீசினேன். “வலப்பக்கம் போகிறவன் அடுத்த காட்சியிலும் வலப்பக்கமே போகவேண்டும் என்றீர்களே! இப்போது படத்தில் லாரி இடப்பக்கம் போயிருக்கிறது. பார்க்கிற எவனும் இவன் சயாமிலிருந்து ஓடிவருகிறான் என்றுதான் நினைப்பான்!”

பளாரென்று அறை விழுந்தது. ஆனால் தவறு தவறுதான், அவருக்கே தெரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் பறந்தது, லாரி திரும்பி வந்தது. முகம் கழுவுகிறேன் என்று நாராயணன் வீட்டுக்குள் போனான். புதுச்சுருள் மாற்ற நான் வேண்டுமென்றே வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். சிப்பாய்கள் உள்ளே போய்த் தேடியபோது கிணற்றடியில் அவன் சட்டை மட்டும் கிடந்தது. ஆள் கொல்லைப்புறமாகப் போய்விட்டான். மீனாட்சி வாசலில் அசையாமல் நின்றாள்.

அதிகாரி சட்டையைக் குச்சியால் தூக்கி என்னிடம் நீட்டினார்.

“முகம் வேண்டாம். முதுகு போதும். குறை கண்டுபிடித்தவன் நீதானே? ஏறு.”

மீனாட்சி எனக்கும் திருநீறு பூசினாள். “தெரிமா காசே” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி நன்றி சொன்னாள். அவளிடம் நானும் “பாலேக்?” என்று கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை; பதில் எனக்கே தெரியும்.

முச்சந்தி நெருங்கியது. “நிப்பாட்டவா தம்பி?” என்றார் காதர் பாய் மெல்ல. அவர் பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய் உட்கார்ந்திருந்தான். “வேணாம் பாய், ஓட்டுங்க” என்றேன்.

நல்ல ஊர், மலாக்கா. பண்டார் ஹிலிர்ப் பகுதியையும் கடலையும் பார்க்க நினைத்திருந்தேன். அரை நாள்கூட இருக்க விடவில்லை பாவிகள். பின்னால் கருவி ஓடுகிற கரகர சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை லாரி வலப்பக்கமாகத்தான் போனது. நாங்கள் திரும்பி வருகிறோம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.